பேட்டரி ஒழுகினால், வெடித்தால்

பழைய புல்லட், ஜாவா, லாம்ப்ரெட்டா, அம்பாசடர், ஜீப் என்று ஆசைக்கு வண்டி வைத்திருப்பவர்கள் பெட்ரோலுக்குப் பயப்படுவார்கள். ஷெட்டில் பீடி பற்றவைத்தால் சத்தம் போடுவார்கள். பக்கப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் பேட்டரியை மட்டும் யாரும் பொருட்படுத்துவதில்லை. அதற்குள் இருப்பது கந்தக அமிலம். எடைக் கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் அமிலம், மீதி தண்ணீர். சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து வெளிவருவது ஹைட்ரஜன். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பொறி பட்டு வெடிக்கக்கூடிய வாயு அது.

தினமும் ஓடும் வண்டியை விட, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் வண்டிக்கு இந்தத் தொல்லை அதிகம். நிற்க நிற்க சார்ஜ் இறங்குகிறது, நம் ஊர் வெயிலில் இன்னும் வேகமாக. இறங்கிய நிலையிலேயே கிடந்தால் தகடுகளின் மேல் ஈய சல்பேட் கெட்டியாகப் படிகிறது. ஊர்வலத்துக்கோ கண்காட்சிக்கோ எடுக்க வேண்டிய நாள் வரும்போது, அவசரமாகப் பெரிய சார்ஜரை மாட்டி ஒரே ராத்திரியில் ஏற்றப் பார்ப்போம். படிவு பிடித்த தகடு மின்னோட்டத்தை வாங்காது. வாங்காத மின்னோட்டம் தண்ணீரைப் பிரித்து வாயுவாக்குகிறது, சூடாக்குகிறது, அமிலத்தை மூடி வழியாகத் துப்ப வைக்கிறது.

இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். அமிலம் கண்ணைக் கெடுக்கச் சில நொடிகள் போதும். இரும்பைத் தின்ன மணிக்கணக்கில் ஆகும். ஆகவே உடம்புக்கு அவசரப்படுங்கள், வண்டிக்கு அவசரப்படாதீர்கள். நடைமுறையில் இது தலைகீழாகவே நடக்கிறது. குரோமில் சொட்டுகிறதே என்று வெறுங்கையோடு பேட்டரியை வெளியே இழுப்பவர்கள்தான் கையையும் முகத்தையும் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். பெயின்ட் திரும்ப அடித்துக்கொள்ளலாம்.

உடம்பில் பட்டால்

கண்ணில் பட்டால் அந்த நொடியே தண்ணீர். சுத்தமான தண்ணீரா, எந்தக் குழாய் என்று யோசிக்க நேரமில்லை. குழாயடியோ, வாளியும் மக்கும் உள்ள இடமோ, எது பக்கத்தில் இருக்கிறதோ அங்கே ஓடுங்கள். இமை தானாக இறுக மூடிக்கொள்ளும், விரலால் விரித்துப் பிடிக்க வேண்டும். முடிந்தால் இன்னொருவர் பிடிக்கட்டும். தலையைச் சாய்த்து, மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் ஓடும்படி ஊற்றினால் நல்ல கண்ணுக்கு அமிலம் போகாது. காண்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழுவிக்கொண்டே எடுத்துவிடுங்கள். குறைந்தது 20 நிமிடம், அரை மணி நேரம் என்றால் இன்னும் நல்லது. எரிச்சல் அடங்கிவிட்டது என்று ஐந்து நிமிடத்தில் நிறுத்துவது கூடாது. பிறகு 108-ஐ அழைத்தோ, ஆட்டோ பிடித்தோ கண் மருத்துவரிடம் போக வேண்டும். வழியிலும் பாட்டில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போகலாம்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், பன்னீர் என்று யாராவது ஒருவர் வைத்தியம் சொல்லத்தான் செய்வார். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆப்ப சோடாவைக் கரைத்துக் கண்ணில் விடுவதும் கூடாது. அமிலத்தை முறிக்கும்தானே என்று நினைத்துச் செய்பவர்கள் உண்டு. தரைக்குச் சரி, கண்ணுக்கும் தோலுக்கும் வெறும் தண்ணீர் மட்டும்தான்.

தோலில் பட்டால் முதலில் சட்டையைக் கழற்றுங்கள். அமிலம் ஊறிய துணி உடம்போடு ஒட்டியிருக்கும்வரை மேலே எத்தனை வாளி ஊற்றினாலும் பயன் குறைவு. பிறகு 15, 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்ட வேண்டும். பற்பசை, மை, மாவு எதுவும் பூசாதீர்கள். வாயில் போய்விட்டால் கொப்பளித்துத் துப்பிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், போன வழியே திரும்பி வரும் அமிலம் இரண்டாவது முறை புண்ணாக்கும்.

துணியைப் பற்றி ஒரு வார்த்தை. அமிலத்தில் உள்ள தண்ணீர் காயும், அமிலம் காயாது. காயக் காய அதன் வீரியம் கூடும். ஜீன்ஸில் தெறித்த ஒரு துளி அன்றைக்கு ஒன்றும் செய்யாமல், அடுத்த முறை துவைத்தெடுக்கும்போது ஓட்டையாக வெளிவருவது இதனால்தான். பேட்டரி வேலை செய்த உடுப்பை வீட்டுத் துணியோடு ஊறப்போடாதீர்கள்.

ஒழுகுகிறது என்று தெரிந்தவுடன்

இன்ஜின் ஓடினால் நிறுத்துங்கள். சாவியை எடுங்கள், பெட்ரோல் குழாயை மூடுங்கள். ஷெட் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டுக் கொஞ்சம் விலகி நில்லுங்கள். சார்ஜரில் இருக்கும்போது ஒழுகினால், சுவரில் உள்ள சுவிட்சை அணைத்த பிறகே கிளிப்பில் கை வைக்க வேண்டும். வெடிக்கும் பேட்டரிகளில் பல, கிளிப்பைக் கழற்றும் அந்தக் கணத்தில்தான் வெடிக்கின்றன. மின்னோட்டம் ஓடும்போது கிளிப்பை இழுத்தால் பொறி பறக்கும், அது பறக்கும் இடம் ஹைட்ரஜன் வெளியேறும் மூடிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அதை வேறாக எடுத்துக்கொள்ளுங்கள். அது ஹைட்ரஜன் சல்பைடு, நச்சு வாயு. சீல் செய்த பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜாகிச் சூடேறி உப்பும்போது இந்த நாற்றம் வரும். கொஞ்ச நேரத்தில் மூக்கு மரத்துப்போகும், அப்போது நாற்றம் நின்றுவிட்டதாகத் தோன்றும். நின்றிருக்காது. வெளியே வந்துவிடுங்கள். வீட்டின் மெயின் சுவிட்சிலிருந்து சார்ஜருக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பேட்டரி ஆறும்வரை கிட்டப் போகாதீர்கள்.

கை வைப்பதற்கு முன் பக்கம் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி, முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, பழைய ரெயின்கோட் அல்லது பிளாஸ்டிக் ஏப்ரன் வேண்டும். ஹார்டுவேர் கடையில் எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாய்தான். சாதாரண மூக்குக்கண்ணாடி போதாது, துளி பக்கவாட்டில் நுழையும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். ஸ்பேனருக்கும் டெர்மினலுக்கும் நடுவே மோதிரம் மாட்டினால் ஒரு நொடியில் பழுக்கக் காய்ந்து விரலோடு ஒட்டிக்கொள்ளும். இருட்டாக இருக்கிறது என்று தீக்குச்சி கிழிக்க வேண்டாம். டார்ச் அடியுங்கள், அதையும் தள்ளி நின்று போட்டுக்கொண்டு வாருங்கள்.

எந்த ஒயரை முதலில் கழற்றுவது? வண்டியின் சேஸிஸோடு சேர்ந்திருக்கும் ஒயரை, அதாவது எர்த்தை. பெரும்பாலும் அது நெகட்டிவ். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் எர்த்தாக இருக்கும் என்பதால், நிறத்தைப் பார்க்காமல் எது பாடிக்குப் போகிறது என்று பார்த்துக் கழற்றுங்கள். எர்த் போன பிறகு அடுத்த டெர்மினலைக் கழற்றும்போது ஸ்பேனர் சேஸிஸில் இடித்தாலும் பொறி வராது.

பேட்டரியை அடியில் கை கொடுத்து நேராகத் தூக்குங்கள். பக்கங்களை அழுத்தினால் விரிசல் வழியாகவும் மூடி வழியாகவும் அமிலம் பீச்சும். தூக்கியதைப் பிளாஸ்டிக் வாளியிலோ டப்பிலோ நிமிர்த்தி வைக்க வேண்டும். இரும்புத் தட்டும் அலுமினியப் பாத்திரமும் உதவாது. ஏற்கெனவே உப்பியிருக்கும் பேட்டரி பெட்டிக்குள் சிக்கி வர மறுக்கும், அப்போது ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். கூண்டையே கழற்றி எடுப்பது நேரம் பிடித்தாலும் அதுதான் வழி.

சிந்தியதை முறிப்பது

மளிகைக் கடை ஆப்ப சோடாவே இதற்குச் சிறந்த மருந்து. ஆனால் பெரும்பாலானவர்கள் போதுமான அளவு போடுவதில்லை. தண்ணீர் ஊற்றும் வகை 14 ஆம்பியர்-அவர் பைக் பேட்டரியில் முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை அமிலம் இருக்கும். ஒரு லிட்டரை முழுதாக முறிக்கக் கணக்குப்படி சுமார் முக்கால் கிலோ சோடா தேவை. சமையலறையில் இருக்கும் சிறு பாக்கெட் ஒன்றைத் தூவிவிட்டு நுரை வந்ததே என்று திருப்திப்பட்டால், தரையில் கிடப்பதில் பெரும்பகுதி இன்னும் அமிலம்தான். ஷெட்டில் ஒரு கிலோ சோடாவை மூடி போட்ட டப்பாவில் எப்போதும் வைத்திருங்கள். கார், ஜீப் வைத்திருந்தால் நான்கைந்து கிலோ வேண்டும்.

முதலில் மணலையோ காய்ந்த மண்ணையோ சுற்றிலும் அணை போல் போட்டு, சாக்கடைப் பக்கம் ஓடாமல் நிறுத்துங்கள். பிறகு ஓரத்திலிருந்து நடுவை நோக்கி சோடாவைத் தூவிக்கொண்டே வாருங்கள். நுரைத்துப் பொங்கும், அது கரியமில வாயு. முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சோடா போடப் போட நுரை வருவது நின்றால் முறிந்துவிட்டது என்று பொருள். சந்தேகமிருந்தால் பள்ளிக்கூடத்து லிட்மஸ் தாள் போதும், நீலம் சிவப்பாக மாறினால் இன்னும் அமிலம் மிச்சம். துணி துவைக்கும் சோடாவும் வேலை செய்யும், ஆனால் தோலை அரிக்கும். சுண்ணாம்புத் தூள் கையில் அதுதான் இருக்கிறது என்றால் போடலாம், சூடு கிளம்பும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக. காஸ்டிக் சோடாவைத் தொடவே வேண்டாம். ஒரு ஆபத்தை இன்னொரு ஆபத்தால் முறிக்கிற வேலை அது.

முறிந்த சேற்றில் ஈயம் கலந்திருக்கும். தோட்டத்தில் கொட்டாமல் கெட்டியான பிளாஸ்டிக் பையில் அள்ளி, பேட்டரியோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். டெர்மினலில் வெள்ளையாகவும் பச்சையாகவும் பூத்திருப்பதும் ஈயம், தாமிரம் ஆகியவற்றின் உப்புகள். அதைக் காய்ந்த நிலையில் கம்பி பிரஷால் தேய்த்தால் தூள் மூச்சில் போகும். சோடா கரைசலை ஊற்றி நனைத்துத் தேய்க்க வேண்டும். அப்போது செல் மூடிகள் இறுக்கமாக மூடியிருக்க வேண்டும், சோடா உள்ளே இறங்கினால் அந்த செல்லின் அமிலம் செத்துப்போகும். வேலை முடியும்வரை டீ, வெற்றிலை எதுவும் வேண்டாம். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

இனி வண்டி. பேட்டரிக் கூண்டு, அதற்குக் கீழே உள்ள ஃபிரேம் குழாய், ஸ்விங் ஆர்ம் எல்லாவற்றையும் சோடா கரைசலால் கழுவி, பிறகு நிறையத் தண்ணீர் விட்டு, காற்றடித்துக் காய வையுங்கள். இரண்டு இடங்களைப் பலர் பார்க்கத் தவறுகிறார்கள். ஒன்று, ஒயர்கள். ஒயருக்குள் இருக்கும் தாமிர இழைகள் அமிலத்தை விளக்குத் திரி எண்ணெய் இழுப்பதைப் போல உள்ளே இழுத்துக்கொள்ளும். வெளியே உறை நன்றாக இருக்கும், உள்ளே கறுத்தோ பச்சையாகவோ பொடிந்திருக்கும். பளபளக்கும் தாமிரம் தெரியும்வரை வெட்டிவிட்டுப் புது லக் அடியுங்கள். இன்னொன்று, செயின். அமிலம் பட்ட செயினில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழுந்து, ஓடும்போது திடீரென அறுந்துவிடும். கழுவி எண்ணெய் போட்டால் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். மாற்றிவிடுங்கள். இதில் மட்டும் நான் சிக்கனம் பார்க்கச் சொல்ல மாட்டேன்.

வெடித்துவிட்டால்

துப்பாக்கி சுட்டது போல் ஒரே சத்தம். மேல்மூடி பிளந்து, அமிலமும் பிளாஸ்டிக் சில்லுகளும் சிதறும். காது அடைத்துக்கொள்ளும், எங்கே அடிபட்டது என்றே முதலில் தெரியாது. யாராக இருந்தாலும் நேராகத் தண்ணீருக்கு. வலி இல்லாவிட்டாலும் முகம், கழுத்து, தலைமுடி எல்லாவற்றையும் கழுவுங்கள். முடியில் தங்கிய அமிலம் பிறகு வியர்வையோடு கண்ணுக்கு இறங்கும். சில்லு குத்தியிருந்தால் பிடுங்காமல் மருத்துவரிடம் விடுங்கள்.

ஒரு செல் வெடித்தால் மற்ற செல்களில் வாயு இன்னும் இருக்கும். காற்றோட்டம் கொடுத்து அரை மணி நேரமாவது விட்டுவிட்டு, முன்பு சொன்ன உடுப்போடு போங்கள். அதுவரை லைட், ஃபேன் எந்த சுவிட்சையும் தொட வேண்டாம்.

வெடிப்புக்குத் தீப்பொறி எப்போதும் வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. தண்ணீர் மட்டம் தகடுகளுக்குக் கீழே இறங்கினால், காலியான இடமெல்லாம் வாயு நிரம்பும். உள்ளே தகடுகளை இணைக்கும் பட்டையில் விரிசல் இருந்தால், ஸ்டார்ட்டரை அழுத்தும்போது அங்கேயே பொறி கிளம்பும். மட்டம் பார்க்கும் பழக்கம் வெடிப்பைத் தடுக்கும் பழக்கமும் கூட. ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டும், அமிலம் வேண்டாம். தகடு மூழ்கும் அளவுக்கு முதலில், மீதியை சார்ஜ் ஏறிய பிறகு. முதலிலேயே கோடு வரை நிரப்பினால் சார்ஜில் மட்டம் உயர்ந்து வழியும். சர்வீஸ் கடைக்குப் பேட்டரி பூத்துப்போய் வருவதற்கு இந்தத் தாராளமும் ஒரு காரணம்.

இன்னொரு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும். கடைசிக் கிளிப்பைச் செத்த பேட்டரியின் மேல் வைக்காமல், தள்ளியிருக்கும் இன்ஜின் உலோகத்தில் வையுங்கள். உப்பியதற்கோ விரிசல் விட்டதற்கோ ஜம்ப் கொடுக்கவே கூடாது.

ஏன் ஒழுகியது

இங்கேதான் நிறைய பேர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். புது பேட்டரி வாங்கி மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். அதுவும் சில வாரங்களில் ஒழுகும்போது பேட்டரிக் கம்பெனியைத் திட்டுவார்கள். கீழே விழுந்து உடைந்ததாக இல்லாவிட்டால், ஒழுகிய பேட்டரி பல நேரம் வண்டியின் வேறு ஒரு கோளாறுக்குப் பலியானதுதான்.

முதல் சந்தேகம் ரெகுலேட்டர் மேல். பேட்டரியின் இரு முனைகளில் மல்டிமீட்டரை வைத்து, இன்ஜினை நடுத்தர வேகத்தில் ஓட விடுங்கள். 12 வோல்ட் வண்டியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் சரி. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. பேட்டரி கொதித்தது அதனால்தான். 6 வோல்ட் வண்டிக்கு இந்த எண்களில் பாதியை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, செத்த செல். 12 வோல்ட் பேட்டரியில் 6 செல்கள். ஒன்று ஷார்ட்டாகிவிட்டால் மீட்டர் பத்தரை வோல்ட் அளவில் நிற்கும். சார்ஜருக்கோ வண்டிக்கோ இது தெரியாது, வழக்கம்போல 14.4 வோல்ட்டைத் தள்ளும். 6 செல்லுக்குப் பிரிய வேண்டியது 5 செல்லுக்குப் பிரியும்போது ஒவ்வொன்றுக்கும் கிட்டத்தட்ட 2.9 வோல்ட். 2.4-லேயே வாயு கிளம்பத் தொடங்கும் என்றால், மீதி ஐந்தும் என்ன பாடுபடும் என்று பாருங்கள். ஹைட்ரோமீட்டரில் ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.05 குறைவாகக் காட்டினால் அந்த பேட்டரியைக் கரையேற்ற முயல வேண்டாம்.

மூன்றாவது, காற்றுக்குழாய். பேட்டரியின் பக்கவாட்டிலிருந்து ஒரு சிறு ரப்பர் குழாய் ஃபிரேமுக்குக் கீழே இறங்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் குளவி அதில் மண் வைத்து அடைத்துவிடலாம், கூண்டின் விளிம்பில் நசுங்கியும் இருக்கலாம். புது பேட்டரி வரும்போது குழாய் மாட்டும் வாயில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதைக் கழற்ற மறந்து மாட்டினால் வாயு வெளியேற வழியின்றி பேட்டரி உப்பி வெடிக்கும். குழாயின் முனை செயினுக்கும் சைலன்சருக்கும் தள்ளி முடிய வேண்டும்.

வெளியே வைத்து ஏற்றும்போது சார்ஜ் அளவு ஆம்பியர்-அவரில் பத்தில் ஒரு பங்கு: 14-க்கு 1.4 ஆம்பியர், 5-க்கு அரை ஆம்பியர். கார் சார்ஜரை பைக் பேட்டரிக்கு மாட்டுவதுதான் ஒழுகலுக்குக் குறுக்கு வழி. பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். அதன் பேட்டரி பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. மூடி இல்லாத டெர்மினலில் சீட்டின் ஸ்பிரிங் இடித்தால் வண்டியே பற்றிக்கொள்ளும். டெர்மினல் மேல் உறை இல்லாமல் அந்தக் காரில் யாரையும் பின்னால் உட்கார வைக்காதீர்கள்.

லித்தியமும் ரிமோட் கார்களும்

ரிமோட் கார், டிரோன் பேட்டரிகள் வேறு இனம். அவற்றுக்கு ஆப்ப சோடாவால் பயனில்லை. லித்தியம் பாலிமர் பேக் தலையணை போல் உப்பியிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. ஊசியால் குத்திக் காற்றை இறக்கும் வித்தை வீட்டைக் கொளுத்தும் வித்தை. மோதி நசுங்கிய பேக்கும் அப்படியே. பார்க்க நன்றாக இருந்தாலும் நேரம் கழித்துப் பற்றலாம், ஆகையால் வீட்டுக்குள் கொண்டுவராமல் வெளியே மணல் நிரப்பிய சிமெண்ட் தொட்டியில் வையுங்கள். பற்றிவிட்டால் அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கும். ஆட்களை வெளியேற்றி 101-ஐ அழைப்பதே சரி. மணல் தீயைப் பரவாமல் பிடித்து வைக்கும், அணைத்துவிடாது. நிறையத் தண்ணீர் சூட்டைக் குறைக்கும். சார்ஜ் ஏறும்போது பக்கத்திலேயே இருங்கள், செல் ஒன்றுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது.

ரிமோட்டுக்குள் போடும் அல்கலைன் பென்சில் செல் ஒழுகினால் வெளிவருவது காரம். அதற்கு சோடா கூடாது, வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும். குழந்தைகள் உட்கார்ந்து ஓட்டும் பேட்டரிக் கார்கள் பலவற்றில் இருப்பது சீல் செய்த ஈய-அமில பேட்டரி. தண்ணீர் ஊற்றுவதைத் தவிர, இந்த அத்தியாயத்தின் முன்பகுதி அதற்கும் பொருந்தும்.

பழையதை என்ன செய்வது

2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல் தனியாகச் சேகரிப்பவர்களிடம் சேர்ப்பது பயன்படுத்துபவரின் பொறுப்பு. புதிது வாங்கும் கடையிலேயே பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கழிப்பார்கள். உடைந்திருக்கிறது, அமிலம் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, வாளியோடு கொண்டுபோய்க் கொடுங்கள். தெருவில் வரும் பழைய இரும்புக்காரர் பத்து ரூபாய் கூடக் கொடுக்கலாம். அமிலத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஈயத்தை எங்கோ ஒரு கொல்லையில் உருக்கினால், அந்தப் புகையைச் சுவாசிப்பது அங்கே விளையாடும் பிள்ளைகள். பத்து ரூபாயை விட்டுவிடுங்கள். புதிய பேட்டரியை மாட்டியதும் தெருவுக்கு எடுப்பதற்கு முன் மீட்டரை வைத்துப் பாருங்கள், 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர் மாற்றும்வரை வண்டி ஷெட்டிலேயே நிற்கட்டும்.